பத்துக் குத்துக்கு இரண்டு கோடு

கிணறு வெட்டப் போன இடத்தில் மாரப்பனுக்கு வலது தோள் இறங்கிவிட்டது. மேலே இழுத்துக்கொண்டிருந்த மண்கூடை வடம் அறுந்து வந்தது. ஒதுங்குவதற்குள் தோளில் விழுந்தது. எலும்பு எப்படியோ கூடிக்கொண்டது. கை மட்டும் மார்புக்கு மேலே எழும்பவில்லை. கடப்பாரை போட முடியாது, கூடையைத் தூக்கி இன்னொருத்தர் தலையில் வைக்க முடியாது. நாற்பதைத் தொட்ட ஆள் ஒன்றரை வருஷம் வளவில், சாளைக் குடிசைகளுக்கு நடுவே, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தான். மனைவி பாவாத்தாள் கவுண்டர்மார் காட்டுக்குக் களை வெட்டவும் கதிர் அறுக்கவும் போய் வந்து சாளையில் அடுப்பு மூட்டினாள். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

வெகுதானிய வருஷம் வைகாசியில் கள்ளிப்பள்ளத்தில் ரோட்டு வேலை ஆரம்பித்தது. கோபியிலிருந்து சத்தியமங்கலம் போகிற வண்டித்தடம் அந்தப் பள்ளத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும். வடக்கே மலையில் மழை பெய்துவிட்டால் பள்ளத்தில் செந்தண்ணீர் வரும். வாழைத்தார் வண்டிகளும் கருப்பட்டி வண்டிகளும் இரண்டு நாள், மூன்று நாள் கரையில் அவிழ்த்துவிட்டுக் காத்துக் கிடக்கும். இனி மோட்டார் பஸ் ஓட வேண்டும் என்று, பள்ளத்தின் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கி, தண்ணீர் போக அடியில் ஒரு மோரி கட்டி, ரோட்டை நேராகக் கொண்டுபோக ஏற்பாடு. கண்ட்ராக்ட் எடுத்தவர் வெள்ளியங்கிரிக் கவுண்டர். வளவில் கை கால் ஆடுகிற அத்தனை பேரும் வேலைக்குப் போனார்கள். பாவாத்தாளும் போனாள். அவளோடு மகள் மாரியாத்தாளும் போனாள். மாரியாத்தாளின் புருஷன் சென்னியப்பன் ஆனைமலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவனோடு மலை ஏறிப் போனவன். போய் மூன்று மாதத்தில் ஒரு சேதியும் இல்லை. அவன் போகும்போதே அவள் முழுகாமல் இருந்தாள்.

வேலை இப்படி நடக்கும். வண்டியில் வந்து விழுகிற மண்ணை ஆண்கள் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புவார்கள். தண்ணீர் வண்டிக்காரன் நனைத்துக்கொண்டே போவான். அது சற்று ஊறினதும் பெண்கள் வரிசையாக நின்று திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். இடுப்பு உயரக் காம்பும் அடியில் இரும்புப் பூணும் போட்ட கட்டை அது. வரிசையின் தலையில் நின்று பாவாத்தாள் ஒரு குரல் கொடுப்பாள். பதினெட்டுக் கட்டையும் ஒரே நேரத்தில் விழும். அதற்குப் பிறகு இரண்டு ஜோடி எருது பூட்டிய கல் உருளை ஏறிப் போகும். அப்புறம் அடுத்த சாண். இதற்குள் ஒரு வேலையைக் குறைத்தாலும் மண் கட்டிக்கொள்ளாது.

கட்டிக்கொண்டதா இல்லையா என்று பார்ப்பதற்கு ஓவர்சீர் ரங்கராஜ் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். கோயமுத்தூர்க்காரர், சின்ன வயசு, காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக சைக்கிளில் வருவார். மார்பு உயரத்துக்கு ஒரு கம்பி, நுனி கூர். நடுவில் ஒரு இரும்பு வட்டு. வட்டுக்கு மேலே கம்பியில் கோத்து ஏறி இறங்குகிற மாதிரி ஒரு கனமான குண்டு. குண்டை மேலே தூக்கி விட்டால் அது வட்டில் விழுந்து கம்பியை மண்ணுக்குள் இறக்கும். பத்துத் தடவை போட்டால் எத்தனை தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க, கம்பியில் அரத்தால் அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்திருந்தது. இரண்டு கோட்டுக்குள் நின்றால் மண் இறுகிவிட்டது. அதற்கு மேலே போனால் மறுபடி திமிசு. திமிசு போடுகிற பெண்கள் அதை ஓவர்சீர் ஊசி என்றார்கள்.

குண்டை மார்புக்குத் தூக்கினால் போதும். அந்த வேலைக்கு மாரப்பன் வாய்த்தான்.

"வேகமாப் போடக்கூடாது மாரப்பா. அமுக்கியும் விடக்கூடாது. மேல கொண்டுபோயி கையை விட்டுடணும். அது தானா விழுகணும்" என்றார் ரங்கராஜ்.

"செரிங்க சாமி."

"நீ அமுக்குனா மண்ணு மேல பழி வரும். பிடிச்சுக்கிட்டா என் மேல பழி வரும்."

ஒரு வாரத்தில் மாரப்பனுக்கு அந்த வேலை படிந்துவிட்டது. மண்ணைக் கையில் எடுத்து உருண்டை பிடித்து முழங்கால் உயரத்திலிருந்து கீழே விடுவான். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை. அப்பளமாக ஒட்டிக்கொண்டால் தண்ணீர் எச்சு. ஓவர்சீர் வருவதற்கு முன்னாலேயே பாவாத்தாளின் வரிசைக்குப் போய், ஒரு பக்கத்தைக் காட்டி, "இக்கட்டால இன்னொரு நடை போடுங்க. மூணாங்கோடு காட்டுது" என்பான். பெண்கள் முனகுவார்கள். பாவாத்தாள் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு காம்பைப் பிடித்துவிடுவாள். புருஷன் வேலைக்காரனாக நிற்கிறான் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. ராத்திரிச் சோற்றில் சோளத்தோடு ஒரு கை அவரையும் விழுந்தது.

ஆடி கடைசியில் ஓவர்சீருக்கு மலேரியா கண்டுவிட்டது. வண்டியில் படுக்கவைத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். கம்பியும் குண்டும் மேஸ்திரி நஞ்சப்பனின் கொட்டகையில் சாக்குக்குள் கிடந்தன.

அதே சமயத்தில் தண்ணீரும் நின்றது. அந்த வருஷம் ஆடியில் தூறல்கூட இல்லை. ஊர்க்குளத்தில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. ஊர்க்கவுண்டர்மார் கூடி, மாட்டுக்குப் போகத்தான் ரோட்டுக்கு என்று தண்ணீர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. பவானி வாய்க்காலிலிருந்து கொண்டுவரலாம்; நாலு மைல். வெள்ளியங்கிரிக் கவுண்டர் வந்து பார்த்தார். ஐப்பசிக்குள் பஸ் ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மேட்டில் நடுப்பாகம், பள்ளத்தின் ஆழமான இடம், ஐம்பது கஜம், இன்னும் எழும்பாமல் பல்லுப்போன வாய்போலக் கிடந்தது.

"குளத்துல அடிவண்டல் எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க. அதையே கொட்டு" என்றார் மேஸ்திரியிடம்.

"அது கரிமண்ணுங்களே. தண்ணியில்லாம..."

"கொட்டுடாங்கறேன்."

எட்டு நாள் வண்டிகள் வரிசைகட்டி வந்தன. காய்ந்து பாளம் பாளமாக வெடித்த வண்டலை இடுப்பு உயரத்துக்குக் கொட்டினார்கள். அதன் மேலே மறுபடி இடுப்பு உயரம். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே கையை விடலாம். மேலே வந்ததும் அரைச் சாண் செம்மண்ணைப் போட்டு, குடத்தில் சுமந்து தெளித்து, திமிசு போடச் சொன்னார்கள். பெண்கள் போட்டார்கள். கட்டை விழும்போது வழக்கமாக வருகிற கெட்டியான சத்தம் வரவில்லை; பொதுக்கென்று வந்தது. பாவாத்தாள் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டு மேஸ்திரியைப் பார்த்தாள்.

"என்ன பாக்கற? போடு."

"அடியில பொந்தா இருக்குதுங்க சாமி."

"பொந்துக்கு நீயா பதில் சொல்லப்போற?"

ஓவர்சீர் ஆவணி பாதியில் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேட்டில் ஏறி, எழும்பி நின்ற நடுப்பாகத்தைப் பார்த்தார். "கம்பியை எடுத்தாடா மாரப்பா" என்றார்.

மாரப்பன் நட்டான். முதல் குத்து, இரண்டாம் குத்து. மேலே இருந்த செம்மண் தாங்கிக்கொண்டது. நாலாவது குத்தில் கம்பி தானாகவே வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆறாவதில் வட்டு மண்ணைத் தொட்டுவிட்டது. இனி இறங்கக் கம்பி இல்லை. பத்துக் குத்துக்கு இரண்டு கோடு என்கிற இடத்தில் ஆறு குத்துக்கு ஒரு முழக்கம்பி போயிருந்தது. ஐந்து இடத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஐந்திலும் அப்படியே.

ரங்கராஜ் வரப்பில் உட்காருவது மாதிரி மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே மேஸ்திரியிடம், "இது முழுக்க வெட்டி எடுக்கணும். அடியிலிருந்து மறுபடி சாண் சாணாப் போடணும். நான் எழுதிடுவேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளியங்கிரிக் கவுண்டர் ஆட்களைக் கூட்டினார். வெட்டி எடுக்கிற வேலை வளவு ஆட்களுடையது என்றார். ஒழுங்காகத் திமிசு போட்டிருந்தால் ஊசி நின்றிருக்கும். போடாததற்கு அவர்களே வெட்ட வேண்டும், அந்த நாட்களுக்குக் கூலி இல்லை, முடியாதவர்கள் இப்போதே போகலாம். எல்லாரும் குனிந்து நின்றார்கள். அவர் போன பிறகு நிமிர்ந்து மாரப்பனைப் பார்த்தார்கள். திமிசு வரிசையில் பாவாத்தாளுக்கு அடுத்து நிற்கிற நஞ்சம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் பிடிச்சு விட்டிருந்தா அந்த ஊசிக்கு நோவா?"

மாரப்பன் கம்பியைச் சாக்குக்குள் வைத்தான்.

"எங்க ஊட்டுல நாலு சீவன் வாயைத் தொறந்துக்கிட்டு இருக்குது. வெறுங்கூலிக்கு எத்தன நாளைக்கு மண்ணு வெட்டறது? நீங்க ஓவர்சீர் கூட நிக்கற ஆளு. உங்களுக்கு என்ன."

அன்று பொழுதோடு மேஸ்திரி நஞ்சப்பன் கொட்டகைக்கு வரச்சொல்லி ஆள் விட்டான். மாரப்பன் வாசலில் நின்றான்.

"வார வெள்ளிக்கிழமை பெரிய எஞ்சினியர் வாறாரு. ஓவர்சீர் எழுதுனது மெய்யான்னு நேர்ல பாக்க. அவரு முன்னால நீதான் கம்பி போடோணும்."

"செரிங்க."

"நடுவுல மூணு எடத்துல குழி எடுத்து, சரளையும் செம்மண்ணும் போட்டுத் தண்ணி ஊத்தி இறுக்கி வெச்சிருக்குது. மேல எருக்கந்தழை கெடக்கும். அங்க போடு. அக்கட்ட இக்கட்ட போகாத."

"ஓவர்சீரு எடம் காட்டுனா என்னுங்க பண்றது?"

"எஞ்சினியரு கம்பி போடறவனத்தான் கேப்பாரு. அதெல்லாம் பேசியாச்சு." மேஸ்திரி சற்றுத் தணிந்து சொன்னான்: "கவுண்டரு உன்னையும் பாத்துக்குவாரு. உன்ற தோளுக்கு வேற எவன்டா வேல குடுப்பான்?"

சாளைக்கு வந்தபோது பாவாத்தாள் கூழுக்குச் சோளமாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மாரியாத்தாள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். திமிசுக் காம்பு பிடித்துப் பிடித்து உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, அதில் விளக்கெண்ணெய் தடவியிருந்தாள். பாதமிரண்டும் வீங்கியிருந்தன. மாரப்பன் மேஸ்திரி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். பாவாத்தாள் துடுப்பை நிறுத்தாமல் கேட்டாள்.

"வெட்டி எடுத்து மறுபடி போட எத்தன நாளாவும்?"

"எல்லாரும் நின்னா இருவது நாளு. எச்சாப் போனா இருவத்தஞ்சு."

"இருவது நாளு இவளும் குனிஞ்சு மண்ணு வெட்டி, தலையில சுமந்து, பொறவு மறுபடி திமிசு போடணும்."

"இவள நிறுத்திப் போடலாம்."

"நிறுத்துனா ஆளு கொறையுதுன்னு என்னையும் சேத்துப் போகச் சொல்லுவான். அந்த மேஸ்திரிய உங்களுக்குத் தெரியாதுங்களா." துடுப்பை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினாள். "மாமா, நான் ஒண்ணு கேக்கறேன். மண்ணு தானா எறங்காதுங்களா? நாலு மழ பேஞ்சா அது பாட்டுக்கு எறங்கி இறுகிப்போவும். ரோடு சித்த பள்ளமாகும். அவிய மறுபடி சரளை கொட்டிக்குவாங்க. அவ்வளவுதானுங்களே?"

"எறங்குனாலும் எறங்கும். ஒரேயடியாப் போனாலும் போவும். கரிமண்ணு. தண்ணி குடிச்சா கூழு மாதிரி ஆயிரும்."

"போவும்னு நிச்சயமாத் தெரியுமா?"

அவன் யோசித்துப் பார்த்தான். "நிச்சயமாத் தெரியாது."

"இவ ஒடம்புக்கு ஆகாதுங்கறது நிச்சயமாத் தெரியுமுங்க" என்றாள் பாவாத்தாள்.

மாரியாத்தாள், "என்ன வெச்சுப் பேசாதீங்க. நான் வெட்டுவேன்" என்றாள். கூழை ஊற்றி, வெங்காயத்தை உடைத்து வைத்தாள் பாவாத்தாள். மூன்று பேரும் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எஞ்சினியர் காரில் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கையில் ஒரு பிரம்பு. வெள்ளியங்கிரிக் கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். இளநீர் சீவி வைத்திருந்தது. ரங்கராஜ் ஓரமாக நின்றார். காய்ச்சல் இன்னும் முழுக்க விட்டபாடில்லை. தொப்பிக்குக் கீழே நெற்றி வேர்த்துக்கொண்டே இருந்தது. எஞ்சினியர் இங்கிலீஷில் அவரிடம் இரண்டு வார்த்தை கேட்டார். அவர் நாலு வார்த்தை சொன்னார். அப்புறம் ரங்கராஜ் மாரப்பன் பக்கம் திரும்பினார்.

"மாரப்பா, அன்னைக்கு நாம போட்ட எடமெல்லாம் உனக்குத் தெரியும். நீயே சொல்லு, எங்க போடலாம்?"

அந்தக் கேள்வியை ரங்கராஜ் தாமே சுமக்க முடியாமல் தன்னிடம் தள்ளிவிடுகிறாரா, இல்லை தன்னை நம்பித்தான் கேட்கிறாரா என்று மாரப்பனுக்கு அப்போதும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. மேட்டுக்குக் கீழே ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். நஞ்சம்மாள் நின்றாள். பாவாத்தாள் மகளுக்கு முன்னால், அவளை மறைத்த மாதிரி நின்றாள். எருக்கந்தழை வாடிப்போய்க் கிடந்தது.

"இங்க போடலாமுங்க சாமி" என்றான்.

குண்டைத் தூக்கிக் கையை விட்டான். அமுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பத்துக் குத்துக்கு ஒன்றரைக் கோடு. அடுத்த தழையில் இரண்டு கோட்டுக்கு நூல் குறைவு. மூன்றாவதிலும் அப்படித்தான். எஞ்சினியர் குனிந்து கோட்டைத் தாமே எண்ணினார். பிரம்பால் மண்ணைத் தட்டினார். ரங்கராஜிடம் ஏதோ சொன்னார். அவர் முகம் வெளுத்தது. இளநீர் குடித்துவிட்டு எஞ்சினியர் காரில் ஏறினார்.

ரங்கராஜ் கம்பியைத் தாமே பிடுங்கி, நுனியில் ஒட்டியிருந்த சரளையைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. முன்பு போட்ட ஐந்து இடத்திலும் சரளை ஒட்டவில்லை. கம்பியை மாரப்பனிடம் நீட்டினார். "துடைச்சு வை" என்றார். பத்து நாளில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகும்போது சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார். வழியில் ஆடுகள் நின்றிருந்தன.

புரட்டாசி முடிவதற்குள் மேட்டில் கப்பிக்கல் பரப்பி ரோடு திறந்தாகிவிட்டது. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போயிற்று. வளவுப் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடிப் புழுதி தின்றார்கள். பாவாத்தாள் ஒருநாள் மேட்டோரம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது பஸ் போனதைப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் போகுது. ஒண்ணும் ஆடல" என்றாள். மாரப்பன் தலையை ஆட்டினான். அவன் தினமும் ஒரு தடவை நடுப்பாகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஐப்பசி பிறந்த அன்று அங்கே கப்பிக்கல் நாலு விரல் இறங்கியிருந்தது.

அந்த மாதம் ஏழாம் தேதி மலையில் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பள்ளத்தில் தண்ணீர் மரக்கிளையும் முள்ளும் உருட்டிக்கொண்டு வந்தது. மோரியின் வாயை முள் அடைத்துக்கொண்டது. மேற்கே தண்ணீர் ஏரியாகத் தேங்கி, மேட்டில் பாதி உயரத்துக்கு நின்றது. நாலாம் நாள் காலையில் ரோட்டின் மேலே நீளவாக்கில் ஒரு வெடிப்பு விட்டது. கையை நுழைக்கலாம். மழை சற்று நின்றிருந்தது.

மேஸ்திரி நஞ்சப்பன் குடையோடு வளவுக்கு வந்தான். "திமிசுக்காரப் பொம்பளைங்க எல்லாரும் கட்டையோட வாங்க. வெடிப்புல சரளை போட்டு இறுக்கோணும். சாயந்திர பஸ்ஸு போகணுங்கறாரு கவுண்டரு."

மாரப்பன் குறுக்கே போய் நின்றான். "சாமி, வேண்டாமுங்க. கரிமண்ணு தண்ணி குடிச்சிருச்சு. அது மேல ஆளு ஏறக்கூடாதுங்க. மோரி முள்ள எடுத்துப்போட்டு, தண்ணி வடியட்டும். பொறவு பாக்கலாமுங்க."

"மேல ஏறுனா என்ன ஆவும்?"

"போயிருமுங்க."

"எப்படிடா போவும்? பெரிய எஞ்சினியரு முன்னால நீதான ரெண்டு கோடுன்னு காட்டுன?"

வளவு முழுக்க அங்கே நின்றுகொண்டிருந்தது. பத்து எண்ணுகிற நேரம் மாரப்பன் அப்படியே நின்றிருப்பான். அதற்குள் நஞ்சம்மாள் கட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி எடுத்தால் மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள். மாரியாத்தாளும் எழுந்தாள்.

"நீ கட்டய வை" என்றாள் பாவாத்தாள். "சரளைக் கூடை எடுத்துக்க. அந்தக் கோடியில, கல்லு கட்டுன எடத்துல நின்னு குடு. நடுவுக்கு வரக்கூடாது. தெரியுதா?"

மாரப்பன் அவள் கையைப் பிடித்தான். நாலு பேர் முன்னால் அப்படி அவன் பிடித்ததில்லை. "நீயும் போகாத."

"எல்லாரும் போறாங்க. நான் எப்படி நிக்கறது" என்றாள். "வாரேன். அடுப்புல களி கெடக்குது, நீங்க பாத்துக்குங்க."

அவன் பின்னாலேயே போனான். மோரி வாயில் இறங்கி கழுத்துத் தண்ணீரில் நின்று இடது கையால் முள்ளை இழுக்க ஆரம்பித்தான். மோரியைக் கட்டின கொத்தன் பஷீரும் கூட இறங்கினான். மேலே பாவாத்தாளின் குரல் கேட்டது, கட்டைகள் விழுந்தன. சத்தம் சேற்றில் அடிப்பதுபோல இருந்தது. மூன்று நடை போட்டிருப்பார்கள். நாலாவது குரல் கேட்டது. கட்டைகள் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பெரிய இடிச்சத்தம் எதுவும் இல்லை. ஈரச் சாக்கை இழுத்துப்போட்ட மாதிரி ஒரு சத்தம்தான். கிழக்குச் சரிவு இருபது கஜத்துக்கு மொத்தமாக நழுவி, கருப்புக் கூழாகப் பள்ளத்தில் ஓடிற்று. அந்த இருபது கஜத்தில் நின்ற பதினோரு பெண்களும் அதோடு போனார்கள். ஒன்பது பேரைக் கையும் காலும் தலைமயிரும் பிடித்து இழுத்தெடுத்தார்கள். நஞ்சம்மாளைப் பகலில் எடுத்தார்கள், உயிரில்லை. பாவாத்தாள் கிடைக்கவில்லை. மாரப்பன் ஒரு கையால் தோண்டினான். மறுகையால் தோண்ட முடியவில்லை. பொழுது சாயும்வரை பஷீர் அவன் பக்கத்தில் தோண்டினான். மாரியாத்தாள் கோடியில், கல்லுக் கட்டிய இடத்தில், கூடையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றிருந்தாள். யாரோ போய்க் கூடையை வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் முற்பகல் தண்ணீர் வடிந்த பிறகு, இருநூறு கஜம் தள்ளி ஒரு வேலமரத்தின் வேரில் அவளைக் கண்டார்கள்.

பதினைந்தாம் நாள் விசாரணை நடந்தது. அதே எஞ்சினியர், கூட ஒரு குமாஸ்தா. மேஸ்திரியின் கொட்டகையில் மேஜை போட்டிருந்தது. மாரப்பன் யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னான். வண்டலைக் கொட்டியதையும், குழி எடுத்துச் சரளை போட்டதையும், எருக்கந்தழையையும் சொன்னான். ஓவர்சீர் எழுதினதுதான் மெய் என்றும் சொன்னான்.

"இதை அன்றைக்கு என்னிடம் சொன்னாயா?" என்றார் எஞ்சினியர்.

"இல்லீங்க சாமி."

"இடத்தைக் காட்டினது யார்?"

"நான்தானுங்க."

வெள்ளியங்கிரிக் கவுண்டர் வருத்தமான குரலில் பேசினார். "தோளு போன ஆளுன்னு எரக்கப்பட்டு வெச்சிருந்தமுங்க. இப்படிப் பண்ணுவான்னு தெரியிலீங்க. அவனுக்கும் சம்சாரம் போயிருச்சு. நான் என்னத்தச் சொல்ல."

குமாஸ்தா எழுதினான். மாரப்பன் கைநாட்டு வைத்தான். பஷீருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மேஜை ஓரம் நின்று பார்த்தவன் வெளியே வந்ததும், எழுதியிருந்ததைச் சொன்னான். அளவுக்கு மீறின மழை. சோதனைக் கம்பி போடும் கூலியாள் தவறான இடத்தைக் காட்டி அதிகாரிகளை ஏமாற்றியது. அவனை இனிமேல் ரோட்டு வேலையில் சேர்க்கக்கூடாது.

"வண்டல் கொட்டுனது இருக்குதுங்களா?" என்று கேட்டான் மாரப்பன்.

"இல்ல பாய்" என்றான் பஷீர். அவன் எல்லாரையும் பாய் என்றுதான் கூப்பிடுவான்.

கார்த்திகையில் மாரியாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வளவுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். முன்பு நஞ்சம்மாள் கேட்டதை இப்போது யாரும் கேட்கவில்லை. மாரப்பனிடம் அவர்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கோபமா இரக்கமா என்று கண்டுபிடிக்க அவனுக்கு மனசு வரவில்லை. தோட்டத்திலிருந்து சென்னியப்பன் சேதி எதுவும் அனுப்பவில்லை.

தை பிறந்ததும் மேட்டு வேலை மறுபடி தொடங்கிற்று. அதே வெள்ளியங்கிரிக் கவுண்டர்தான். குளம் நிரம்பியிருந்தது, தண்ணீர் வண்டிக்கு யாரும் தடை சொல்லவில்லை. புது ஓவர்சீர் ஒருத்தர் குடை விரித்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கரிமண்ணை அடிவரைக்கும் வெட்டி எடுத்தார்கள். செம்மண், சரளை, ஒரு சாண், தண்ணீர், திமிசு, உருளை, அடுத்த சாண். கம்பி போட பக்கத்து ஊர் ஆள் ஒருவன் வந்தான். பாவாத்தாள் நின்ற இடத்தில், வரிசையின் தலையில், மாரியாத்தாள் நின்றாள். அவளாகப் போய் நிற்கவில்லை. மற்றவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். நிற்க வேறு இடமில்லை.

மாரப்பன் வேலைக்காட்டுக்குள் வரக்கூடாது. பள்ளத்துக்கு அக்கட்டால, எதிர்க்கரையில் ஒரு வேப்பமரத்தில் தூளி கட்டிப் பேத்தியை ஆட்டிக்கொண்டிருப்பான். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்வரை போய் நிற்பான். மாரியாத்தாள் பார்த்துவிட்டு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். அங்கே இருந்து அவனுக்குக் கட்டை விழுகிற சத்தம் கேட்கும். கெட்டியாக, சரியாகக் கேட்டது. புது ஆள் கம்பி போட்டு எழுந்திருக்கிற வேகத்திலேயே கோடு இரண்டைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. மண் நன்றாகக் கட்டிக்கொண்டிருந்தது. இனி எந்த மழைக்கும் அது அசையாது.

மேடு பழைய உயரத்துக்கு வந்த அன்று மத்தியானம் மாரியாத்தாள் வேப்பமரத்தடிக்கு வந்தாள். அவன் தூக்குப்போசியிலிருந்து கம்பங்கூழை ஊற்றிக் கொடுத்தான். அவள் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டே குடித்தாள். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. இப்போது கொப்புளம் வருவதில்லை.

"முடிஞ்சுதா கண்ணு?"

"நாளைக்குக் கப்பிக்கல்லு வருதுங்க."

கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எருதுகள் உருளையை இழுத்துக்கொண்டு நடுப்பாகத்தில் போய்க்கொண்டிருந்தன.

"ஏனுங்க அப்பா, நாங்க வெட்ட ஆரம்பிச்சு இன்னையோட எத்தன நாளாச்சு?"

அவனுக்குக் கணக்குத் தெரியும். தினமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். அன்றைக்குச் சாளையில் இருபது நாள் என்று சொன்னதும் அவன்தான்.

"பத்தொம்பது" என்றான்.

"பத்தொம்பது நாளுதானா" என்றாள் மாரியாத்தாள்.

குழந்தை தூங்கிவிட்டது. அதைத் தூளியில் போட்டுவிட்டு, மிச்சக் கூழைக் குடித்து, போசியைக் கழுவிக் கவிழ்த்தாள். மேஸ்திரி கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து வரிசைக்குப் போனாள்.